ஊர்ப் பின்கோடை வைத்து ஒரு பெரிய எண்ணைப் பிரித்துப் பார்ப்பது எப்படி

ஆறு இலக்க எண் ஒன்று எல்லோர் கையிலும் இருக்கிறது: ஊர்ப் பின்கோடு. 1972 ஆகஸ்ட் 15 அன்று நடைமுறைக்கு வந்த இந்த எண்ணில் முதல் மூன்று இலக்கம் தபால் பிரிக்கும் மாவட்டத்தையும், கடைசி மூன்று இலக்கம் பட்டுவாடா செய்யும் அஞ்சலகத்தையும் சொல்லும். தபால்காரருக்கு அதோடு வேலை முடிந்தது. கணக்குப் பிடித்தவருக்கு அங்கேதான் வேலை தொடங்குகிறது. ஈரோடு 638001, கோயமுத்தூர் 641001, கரூர் 639001, பொள்ளாச்சி 642001: பார்க்க ஒரே அச்சில் வார்த்தது போல இருக்கும் இந்த நான்கும் உள்ளுக்குள் ஒன்றுக்கொன்று ஒட்டே இல்லாதவை. திருப்பூர், சத்தி (சத்தியமங்கலம்) இரண்டும் இன்னும் விசேஷம். அதைப் பிறகு பார்க்கலாம்.

ஓர் எண்ணின் குணம் முழுக்க அதன் பகாக் காரணிகளில் அடங்கியிருக்கிறது. எத்தனை வகுத்திகள், அவற்றின் கூடுதல் என்ன, அது முழு வர்க்கமா, இரண்டு வர்க்கங்களின் கூடுதலாக எழுத முடியுமா, எல்லாமே அதிலிருந்துதான் வரும். அதனால் வேலையின் முக்கால் பங்கு பிரிப்பதுதான். எடுத்தவுடன் வகுக்க உட்காராமல், முதலில் எண்ணை நாலு பக்கமும் திருப்பிப் பாருங்கள். எந்தச் சோதனையை முதலில் செய்கிறோம் என்பதில்தான் பத்து நிமிடமா ஒரு மணி நேரமா என்பது இருக்கிறது.

கையில் வேண்டியவை

கட்டம் போட்ட நோட்டு, பென்சில், 800 வரையிலான பகா எண் பட்டியல். 800 ஏன்? 800 × 800 = 640000. ஓர் எண் பகு எண் என்றால், அதன் காரணிகளில் ஒன்றாவது அதன் வர்க்கமூலத்துக்குள் இருந்தே தீரும். கொங்குப் பகுதிப் பின்கோடுகள் 636இல் தொடங்கி 642 வரை போகின்றன. அவற்றின் வர்க்கமூலம் 797க்கும் 802க்கும் இடையில் விழும். 797 ஒரு பகா எண், அடுத்தது 809. ஆக 797 வரை போதும்.

பட்டியலை நீங்களே சல்லடை போட்டு எடுப்பது நல்லது. வரிசைக்கு 40 எண், 20 வரிசை எழுதிக்கொண்டு 1ஐ அடித்துவிட்டு, 2, 3, 5, 7, 11, 13, 17, 19, 23 ஆகியவற்றின் மடங்குகளை அடியுங்கள் (அந்த ஒன்பது எண்களையும் அடிக்காமல் விட்டுவிட வேண்டும்). 29 × 29 = 841 என்பதால் 23க்கு மேல் அடிக்க வேண்டியதில்லை. மிச்சம் நிற்பவை பகா எண்கள். எண்ணிச் சரிபாருங்கள்: 100க்குள் 25, 200க்குள் 46, 400க்குள் 78, 800க்குள் 139. கணக்கு ஒன்றிரண்டு கூடினால், வழக்கமாக அடிபடாமல் தப்புகிறவை இவைதான்: 91 (7 × 13), 221 (13 × 17), 299 (13 × 23), 323 (17 × 19), 391 (17 × 23), 527 (17 × 31), 667 (23 × 29), 713 (23 × 31), 799 (17 × 47).

கடைசி இலக்கமும் இலக்கக் கூட்டலும்

இது பள்ளிக்கூடப் பாடம், வேகமாகக் கடந்துவிடலாம். இரட்டைப்படை என்றால் பாதியாக்கிக்கொண்டே போங்கள். பல்லடம் 641664: 320832, 160416, 80208, 40104, 20052, 10026, 5013. ஏழு முறை பாதியாகிறது, ஆக 2⁷. 5013இன் இலக்கக் கூட்டல் 9, ஆக 9ஆல் வகுபடும். மிச்சம் 557, அது பகா எண். பல்லடம் = 2⁷ × 3² × 557. இதே எண்ணை இரும முறையில் (0, 1 இரண்டை மட்டும் வைத்து) எழுதினால் 10011100101010000000. கடைசியில் நிற்கும் ஏழு பூஜ்ஜியங்களும் அந்த ஏழு பாதிகள்தான்.

இலக்கக் கூட்டல் 3, 9 இரண்டுக்கு மட்டுமே செல்லும். கூட்டல் 7 வந்தால் 7ஆல் வகுபடும் என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அப்படி ஒரு விதி கிடையாது.

7, 11, 13 மூன்றுக்கும் ஒரே சோதனை

7 × 11 × 13 = 1001. இந்த ஒரு பெருக்கலை மனதில் வைத்துக்கொண்டால் மூன்று வகுத்தல் மிச்சம். எண்ணை வலமிருந்து மும்மூன்று இலக்கமாகப் பிரித்து, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழியுங்கள். அந்த வித்தியாசம் 7, 11, 13இல் எதால் வகுபடுகிறதோ அதால் முழு எண்ணும் வகுபடும்.

இங்கே ஒரு கவனம். நாம் காற்புள்ளி போடுவது 6,38,001 என்று, லட்சக் கணக்கில். அந்தக் காற்புள்ளியில் பிரித்தால் விடை தப்பு. 638 | 001 என்றுதான் பிரிக்க வேண்டும்.

ஈரோடு: 638 − 1 = 637 = 7 × 7 × 13. ஆக 7ஆலும் 13ஆலும் வகுபடும், 11ஆல் வகுபடாது. 637இல் 7 இரண்டு முறை வந்திருப்பதைப் பார்த்து, 638001இலும் 7 இரண்டு முறை இருக்கும் என்று எழுதிவிடாதீர்கள். 1001இல் 7 ஒரே முறைதான் இருக்கிறது. அதனால் இந்தச் சோதனை ‘வகுபடுமா’ என்பதை மட்டும் சொல்லும், ‘எத்தனை முறை’ என்பதைச் சொல்லாது.

காங்கேயம் 638701: 701 − 638 = 63. 7 மட்டும் உண்டு. கரூர் 639001: 639 − 1 = 638 = 2 × 11 × 29, ஆக 11 உண்டு. வகுத்தால் 58091. பலர் 11 முடிந்தது என்று அடுத்த எண்ணுக்குப் போய்விடுவார்கள். ஒரு காரணி கிடைத்ததும் அதையே இன்னொரு தரம் சோதிப்பது முறை: 91 − 58 = 33, மறுபடியும் 11. வகுத்தால் 5281, அது பகா எண். கரூர் = 11² × 5281.

37க்கு இதைவிட எளிது. 27 × 37 = 999 என்பதால், கழிப்பதற்குப் பதில் கூட்டினால் போதும். 638 + 1 = 639; 37 × 17 = 629; மீதி 10. ஈரோட்டில் 37 இல்லை.

ஈரோட்டை முடித்துவிடுவோம். இலக்கக் கூட்டல் 18, ஆக 9; 638001 ÷ 9 = 70889. ÷ 7 = 10127. ÷ 13 = 779. 779ஐப் பார்த்தால் பகா எண் போலத் தோன்றும். 19 × 41. ஆக ஈரோடு = 3² × 7 × 13 × 19 × 41.

வாலை வெட்டிச் சோதிப்பது

17 முதல் மேலே போகும்போது நெடுவகுத்தல் கையை ஓயவைக்கும். வகுபடுமா வகுபடாதா என்று மட்டும் தெரிய வேண்டுமானால் வாலை வெட்டுங்கள். முறை இது: சோதிக்கும் பகா எண்ணை, கடைசியில் 9 அல்லது 1 வரும்படி சிறிய எண்ணால் பெருக்குங்கள். 9 வந்தால் ஒன்று கூட்டி பத்தால் வகுத்து வரும் எண்ணைக் ‘கூட்டல் எண்’ ஆக்குங்கள்; 1 வந்தால் ஒன்று கழித்து பத்தால் வகுத்து வருவது ‘கழித்தல் எண்’. 19க்குக் கூட்டல் 2. 23 × 3 = 69, கூட்டல் 7. 29க்குக் கூட்டல் 3. 17 × 3 = 51, கழித்தல் 5. 31க்குக் கழித்தல் 3. 41க்குக் கழித்தல் 4. 43 × 3 = 129, கூட்டல் 13.

பிறகு எண்ணின் கடைசி இலக்கத்தை வெட்டி, அதை அந்தக் கூட்டல் அல்லது கழித்தல் எண்ணால் பெருக்கி, மிச்ச எண்ணோடு சேர்த்தோ கழித்தோ விடுங்கள். சின்ன எண் வரும்வரை திரும்பத் திரும்பச் செய்யுங்கள்.

கோயமுத்தூர் 641001. இலக்கக் கூட்டல் 12, ஆக 3 உண்டு, 9 இல்லை. வகுத்தால் 213667. 641 − 1 = 640; 7, 11, 13 மூன்றும் இல்லை. 17, 19, 23, 29, 31, 37, 41 எதுவும் ஒத்துவரவில்லை. 43:

213667 → 21366 + 7 × 13 = 21457
21457 → 2145 + 7 × 13 = 2236
2236 → 223 + 6 × 13 = 301

301 = 43 × 7. ஆக 43 வகுக்கும். இப்போதுதான் நெடுவகுத்தல்: 213667 ÷ 43 = 4969.

இனி 4969ஐப் பிரிக்க மறுபடி 2இல் இருந்து தொடங்கக் கூடாது. சிறிய எண்களை எல்லாம் ஏற்கெனவே தள்ளியாயிற்று. 43இலேயே தொடங்குங்கள். எல்லையும் சுருங்கிவிட்டது: 71 × 71 = 5041, ஆக 67 வரை பார்த்தால் போதும். 43, 47, 53, 59, 61, 67 ஆறும் மீதி வைக்கின்றன. 4969 பகா எண். கோயமுத்தூர் = 3 × 43 × 4969. எல்லையைக் குறைக்க மறந்து 800 வரை வகுத்துக்கொண்டே போவதுதான் இந்த வேலையில் அதிக நேரத்தைத் தின்னும் தவறு.

இன்னொன்று: வால் வெட்டும் முறையில் கடைசியில் வரும் மீதி, உண்மையான மீதி அல்ல. பூஜ்ஜியமா இல்லையா என்பதற்கு மட்டுமே அதை நம்பலாம்.

வர்க்கத்துக்கு எவ்வளவு பக்கம்?

இந்தச் சோதனைக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. ஆனாலும் பெரும்பாலோர் செய்வதில்லை. 800² = 640000. அதற்கு மேல் 801² = 640000 + 1600 + 1 = 641601. கீழே 799² = 640000 − 1600 + 1 = 638401.

641601 திருப்பூர். 638401 சத்தியமங்கலம். இரண்டும் முழு வர்க்கங்கள்!

638000 முதல் 642999 வரையிலான ஐயாயிரம் எண்களில் முழு வர்க்கம் மூன்றே மூன்று: 638401, 640000, 641601. அதில் இரண்டு நம் பக்கத்து ஊர்களுக்கு வந்து வாய்த்திருக்கின்றன. வர்க்கம் என்று தெரிந்தபின் பிரிப்பது எளிது: 801 = 9 × 89, ஆக திருப்பூர் = 3⁴ × 89². 799 = 17 × 47, ஆக சத்தி = 17² × 47². வகுத்துக்கொண்டே போயிருந்தாலும் 17இல் சத்தி சிக்கியிருக்கும். ஆனால் அது வர்க்கம் என்பது கடைசியில்தான் தெரிந்திருக்கும்.

ஓர் எண் முழு வர்க்கமாக இருக்க வாய்ப்பே இல்லை என்பதைக் கண்ணாலேயே சொல்லிவிடலாம். 2, 3, 7, 8இல் முடிந்தால் இல்லை. இலக்கங்களைக் கூட்டிக் கூட்டி ஒற்றை இலக்கமாக்கினால் 1, 4, 7, 9இல் ஒன்று வர வேண்டும், வராவிட்டால் இல்லை.

பொள்ளாச்சி: 79 வகுத்தலா, 3 கழித்தலா

642001 அடம் பிடிக்கும் எண். இலக்கக் கூட்டல் 13. 642 − 1 = 641, ஆக 7, 11, 13 இல்லை. 17, 19, 23, 29 என்று போனால் எதுவும் சிக்காது. நேர் வகுத்தலில் விடாமல் போனால் எழுபத்தொன்பதாவது பகா எண்ணில்தான் கதவு திறக்கும். பாதி வழியிலேயே ‘இது பகா எண்’ என்று முடிவுகட்டி நோட்டை மூடத் தோன்றும்.

இங்கேதான் கணித மேதை ஆய்லர் காட்டிய வழி கைகொடுக்கிறது. ஓர் ஒற்றைப்படை எண்ணை இரண்டு வர்க்கங்களின் கூடுதலாக இரண்டு வெவ்வேறு விதத்தில் எழுத முடிந்தால், அது நிச்சயம் பகு எண். காரணியும் அந்த இரண்டு விதங்களில் இருந்தே கிடைக்கும்.

எண்ணுக்குக் கீழே உள்ள பெரிய வர்க்கத்தில் தொடங்கி ஒவ்வொன்றாகக் கழியுங்கள்.

642001 − 801² = 642001 − 641601 = 400 = 20²
642001 − 800² = 2001; இலக்கக் கூட்டல் 3, வர்க்கம் அல்ல
642001 − 799² = 642001 − 638401 = 3600 = 60²

மூன்று கழித்தலில் இரண்டு விதமும் கிடைத்துவிட்டன. பொள்ளாச்சிக்குத் திருப்பூர் 400 குறைவு, சத்தி 3600 குறைவு, இரண்டு வித்தியாசமும் வர்க்கம். பார்க்கப் பார்க்க அலுக்காத இடம் இது.

இப்போது காரணி எடுப்பது. 801² + 20² = 799² + 60². பெரிய எண்களை ஒரு பக்கமும் சின்னவற்றை மறுபக்கமும் சேர்த்தால் 801² − 799² = 60² − 20². அதாவது 2 × 1600 = 40 × 80. முதல் இரண்டின் வித்தியாசம் 2, அடுத்த இரண்டின் வித்தியாசம் 40. இந்த விகிதத்தைச் சுருக்குங்கள்: 1 : 20. இரண்டையும் வர்க்கமாக்கிக் கூட்டுங்கள்: 1 + 400 = 401. இது 642001ஐ மீதியின்றி வகுத்தே தீரும்: 401 × 1601 = 642001. சுருக்க மறந்து 2² + 40² = 1604 என்று வைத்தால் வகுபடாது; தவறு பெரும்பாலும் அங்கேதான் நேரும்.

401, 1601 இரண்டும் பகா எண்கள். 1601 கணக்கு உலகத்தில் பேர் பெற்றது. அடுத்தடுத்த இரண்டு எண்களைப் பெருக்கி 41 கூட்டினால் (0 × 1 + 41, 1 × 2 + 41, 2 × 3 + 41...) முதல் நாற்பது விடைகளும் பகா எண்களாகவே வரும் என்று ஆய்லர் காட்டினார். அந்த வரிசையின் நாற்பதாவது எண் 39 × 40 + 41 = 1601. அடுத்தது 40 × 41 + 41, அது 41².

இந்த முறையை எல்லா எண்ணுக்கும் போட்டு நேரத்தை வீணாக்கக் கூடாது. கடைசி இரண்டு இலக்கத்தை 4ஆல் வகுத்து மீதி 1 வந்தால் மட்டும் முயலுங்கள். மீதி 3 என்றால் அந்த எண் இரண்டு வர்க்கங்களின் கூடுதலாக ஒருபோதும் வராது. காங்கேயத்தில் 7ஐ எடுத்தபின் மிஞ்சும் 91243 அப்படி, 43க்கு மீதி 3. மீதி 1 வந்தும் முடியாத எண்களும் உண்டு: 4ஆல் வகுத்தால் மீதி 3 தரும் பகாக் காரணி (3, 7, 11, 19, 43 போன்றவை) ஒற்றைப்படைத் தடவை இருந்தால் முடியாது. ஈரோட்டில் 7உம் 19உம் ஒவ்வொரு முறை இருக்கின்றன, ஆக அது வராது. அதனால் சின்னக் காரணிகளை முதலில் உருவிவிட்டு, மிச்சத்துக்கு இதைப் போடுவது சரி. முப்பது கழித்தலுக்குள் இரண்டு விதம் கிடைக்காவிட்டால் விட்டுவிட்டு வகுத்தலுக்குத் திரும்பலாம். முழுவதும் தேட வேண்டுமானால் பொள்ளாச்சி அளவு எண்ணுக்கு 801 முதல் 567 வரை 235 கழித்தல் ஆகும்.

இன்னொரு கணித மேதை ஃபெர்மா காட்டிய வழி, எண்ணை இரண்டு வர்க்கங்களின் வித்தியாசமாக எழுதுவது. இரண்டு காரணிகளும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் அது மின்னல் வேகம். பொள்ளாச்சிக்கு அது உதவாது: 1001² − 600² என்று வர 802இல் தொடங்கி இருநூறு படி ஏற வேண்டும், ஏனென்றால் 401உம் 1601உம் அவ்வளவு தள்ளி நிற்கின்றன.

சரிபார்ப்பு

கிடைத்த காரணிகளைப் பெருக்கிப் பார்ப்பதற்கு முன் 9இன் மீதியையும் 11இன் மீதியையும் பாருங்கள். 43 × 4969 = 213667. 9இன் மீதிகள்: 43க்கு 7, 4969க்கு 1, பெருக்கினால் 7. 213667க்கும் 7. சரி. ஆனால் 4969ஐ 4996 என்று மாற்றி எழுதியிருந்தாலும் 9இன் மீதி 1தான், பிழை பிடிபடாது. 11இன் மீதி பிடித்துவிடும்: 4969க்கு 8, 4996க்கு 2. இரண்டையும் பார்ப்பதற்குக் காரணம் இதுதான்.

காரணிகளில் இருந்து என்னென்ன எடுக்கலாம்

வகுத்திகளின் எண்ணிக்கை: ஒவ்வொரு அடுக்கோடும் ஒன்று கூட்டிப் பெருக்குங்கள். ஈரோடு 3 × 2 × 2 × 2 × 2 = 48. பல்லடம் 8 × 3 × 2 = 48. கோயமுத்தூர் 8, கரூர் 6, பொள்ளாச்சி 4. திருப்பூர் 5 × 3 = 15, ஒற்றைப்படை. வகுத்திகள் எப்போதும் சோடி சோடியாக வரும்: 3உடன் 213867, 89உடன் 7209. முழு வர்க்கத்தில் மட்டும் நடுவில் 801 சோடி இல்லாமல் நிற்கிறது.

வகுத்திகளின் கூடுதல்: ஒவ்வொரு பகாக் காரணிக்கும் 1இல் தொடங்கி அதன் அடுக்குகளைக் கூட்டி, எல்லாவற்றையும் பெருக்குங்கள். ஈரோட்டில் 3²க்கு 1 + 3 + 9 = 13 (4 × 4 அல்ல). ஆக 13 × 8 × 14 × 20 × 42 = 1223040. இதில் எண்ணையே கழித்தால் 585039, எண்ணைவிடக் குறைவு. ஈரோடு குறை எண். பல்லடம் 255 × 13 × 558 = 1849770; எண்ணைக் கழித்தால் 1208106, கிட்டத்தட்ட இரண்டு மடங்கு; பல்லடம் மிகை எண். வகுத்திகள் இரண்டுக்கும் 48தான். பல்லடத்தின் வகுத்திகளில் எண்ணின் பாதி, கால், அரைக்கால் எல்லாம் இருக்கின்றன. ஒற்றைப்படையான ஈரோட்டுக்கு ஆகப் பெரிய வகுத்தியே மூன்றில் ஒரு பங்குதான்.

ஈரோட்டில் 1887இல் பிறந்த இராமானுஜன், தனக்குக் கீழுள்ள எல்லா எண்ணையும்விட அதிக வகுத்திகள் கொண்ட எண்களைப் பற்றி 1915இல் நீண்ட கட்டுரை வெளியிட்டார். ஆறு இலக்கத்தில் அப்படிப்பட்டவற்றில் கடைசி மூன்று 554400 (216 வகுத்திகள்), 665280 (224), 720720 (240). மூன்றையும் பிரித்துப் பார்த்தால், சின்னப் பகா எண்களே அடுக்கடுக்காக நிற்பது தெரியும். நல்ல பயிற்சி.

பத்து இலக்கத்துக்குப் போனால் கை முறை செல்லாது. வர்க்கமூலம் ஒரு லட்சத்தைத் தொடும், அதற்குள் 9592 பகா எண்கள். கணினியைத்தான் நாட வேண்டும். எக்செல் 15 இலக்கம் வரைதான் துல்லியமாக வைத்துக்கொள்ளும். அதற்குமேல் வரும் இலக்கங்களைச் சொல்லாமல் கொள்ளாமல் பூஜ்ஜியமாக்கிவிடும். பதினாறு இலக்க எண்ணை அதில் போட்டுப் பிரித்தால் வேறு எண்ணைப் பிரித்துக்கொண்டிருப்பீர்கள்.

கடைசியாகச் செங்கோண முக்கோணம். 89 = 8² + 5². இதிலிருந்து 8² − 5² = 39, 2 × 8 × 5 = 80; 39² + 80² = 89². ஒன்பதால் பெருக்கினால் 351² + 720² = 801², அதாவது திருப்பூரின் பின்கோடு. சத்திக்கும் உண்டு: 376² + 705² = 799². கட்டட வேலையில் மூலைமட்டம் பார்க்க 3, 4, 5 அளவுதான் வழக்கம். பெரிய அறைக்கு அந்தச் சின்ன முக்கோணத்தை வைத்துப் பார்த்தால், மூலையில் ஒரு நூல் பிசகினாலும் சுவரின் மறுகோடியில் அது பல மடங்காகிவிடும். ஒரு பக்கம் 3.9 மீட்டர், இன்னொரு பக்கம் 8 மீட்டர் குறித்துக்கொண்டு, நூல் பிடித்துக் குறுக்கே அளந்தால் 8.9 மீட்டர் வர வேண்டும். கூடினால் மூலை விரிந்திருக்கிறது, குறைந்தால் ஒடுங்கியிருக்கிறது.